வலிப்பும் அதனைக் கண்டவரும்



நரம்பு மண்டலத்தைப் பற்றும் நோய்கள் பல. பக்கவாதம், நடுக்குவாதம், மூளைக் காய்ச்சல், தண்டுவடச் சிதைவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதென்றால் ஒன்றும் மனத்தில் நில்லாது. ஆகவே இன்று ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அந்நோயில் மூளைக்குள் நிகழ்வது யாது, அது உடலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இயன்ற வரையில் விளக்க விரும்புகிறேன். அந்நோய் வலிப்பு. செவிலியர் கல்லூரிகளில் மேல்வகுப்புப் பயிலும் மாணவியர் சிலரும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்கென்று சில செய்திகளை இடையிடையே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் உடலியலும் இயற்பியலும் கற்பித்தவன். ஆயினும் இந்நோயைப் பொறுத்த வரையில் மருத்துவருக்குப் பெரும்பாலும் கிட்டாத ஒரு வாய்ப்பு ஆசிரியனுக்குக் கிட்டுகிறது. நோயை நேரிற்காணும் வாய்ப்பே அது.

பக்கவாதம் கண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், அவருடைய கை மருத்துவர் முன்னிலையில் தளர்ந்தே கிடக்கும். நடுக்குவாதம் உடையவரின் விரல்கள் மருத்துவர் எதிரிலும் நடுங்கும். வலிப்போ இரண்டு மூன்று நிமிடங்களில் வந்து போய்விடுகிறது. நோயாளி மருத்துவர்முன் அமரும்போது உங்களையும் என்னையும் போலவே இருக்கிறார். என்ன நிகழ்ந்தது என்று அவரையே கேட்டாலும் அவருக்குத் தெரியாது. நினைவிழந்து கிடந்தவர் அவரல்லரோ! ஆகவே மருத்துவர் நம்பவேண்டியது அருகில் நின்று கண்டவரின் சொல்லை. அவர் வகுப்புத் தோழராக இருக்கலாம். பேருந்து நடத்துநராக இருக்கலாம். இரவுப் பணியிலிருக்கும் செவிலியாக இருக்கலாம். அவர் சொல்லும் சாட்சியைக் கொண்டே நோயின் வகையும், அதன் தோற்றுவாயும், கொடுக்கவேண்டிய மருந்தும் முடிவாகின்றன. எதைப் பார்க்கவேண்டும் என்று அறியாதவனுக்குக் கண் இருந்தும் பயனில்லை. அதனால்தான் மூளைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகவே கூறப்போகிறேன்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். காக்காய் வலிப்பு என்று நம் நாட்டில் வழங்குகிறோம். கால் கை வலிப்பு என்னும் தொடரே பேச்சில் தேய்ந்து இவ்வாறு ஆயிற்று என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயரைப் போலவே நோயைப் பற்றிய எண்ணமும் எங்கும் திரிந்தே இருந்திருக்கிறது. பழங்காலக் கிரேக்கர் இதனைத் தெய்வத்தால் வரும் நோய் என்றனர். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் ஹிப்பாகிரட்டீஸ் பெயரால் வழங்கிவரும் நூல் ஒன்று, ஏனைய நோய்களைவிட இதில் தெய்வத்தன்மை சிறிதும் மிகுதியாக இல்லை என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும் துணிந்து கூறியது. ஆனால் மூளையில் என்ன நிகழ்கிறது என்பதை அறிய உலகம் மேலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு நுண்ணிய மின்கலம் போன்றது. அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. கைவிளக்கில் இடும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது இருபதில் ஒரு பங்குதான். இந்த வேறுபாடு தானாக நிலைத்திருப்பதன்று. அணுவின் மேலுறையில் அமைந்த இறைப்பான்கள், மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே கொணரும் வேலையை இரவும் பகலும் ஓயாது செய்கின்றன. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கு இந்த இறைப்பு வேலை ஒரு முக்கியக் காரணம்.

நரம்பணுவுக்குத் தூண்டல் வந்ததும் சோடிய வாயில்கள் திறக்கின்றன. வெளியே தேங்கியிருந்த சோடியம் மடை திறந்த வெள்ளம்போல் உட்புகுகிறது. உடனே அவ்வாயில்கள் மூடிக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறுகிறது. பழைய நிலை மீள்கிறது. ஒரு நொடியை ஆயிரங்கூறாக்கினால் ஓரிரு கூறுகளுக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். இந்தத் துடிப்பு நரம்பிழை வழியே ஓடி அதன் கடைசியை அடைந்ததும் அங்கே ஒரு வேதிப்பொருள் சுரந்து அடுத்த அணுவிடம் செய்தியைச் சேர்க்கிறது. அவ்வேதிப்பொருள்களுள் இரண்டை மட்டும் நினைவிற்கொண்டால் நமக்குப் போதும். ஒன்று குளுட்டமேட், அது அடுத்த அணுவைத் துடிக்கத் தூண்டுவது. மற்றொன்று காபா, அது அடுத்த அணுவின் குளோரைடு வாயில்களைத் திறந்துவிட்டு அதனை அமைதிப்படுத்துவது. பழைய பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். ஆசிரியர் இல்லாதபோது பிள்ளைகளைக் கையமர்த்துவது அவன் வேலை. மூளையின் சட்டாம்பிள்ளை காபா.

வியப்பு என்னவெனில், இந்தக் காபா குளுட்டமேட்டிலிருந்தே ஆக்கப்படுகிறது. தூண்டும் பொருளே ஒரு படி மாறித் தடுக்கும் பொருளாகிறது. அந்த மாற்றத்துக்குப் பி-6 என்னும் வைட்டமின் இன்றியமையாதது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவகைப் புட்டிப்பாலை மட்டுமே உணவாகக்கொண்ட கைக்குழந்தைகள் சிலருக்கு வலிப்புக் கண்டது. பாலைப் பக்குவப்படுத்திய வெப்பத்தில் இந்த வைட்டமின் சிதைந்துபோயிருந்தது. வைட்டமினைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. சட்டாம்பிள்ளை வராத நாளில் வகுப்பு என்ன ஆகும் என்பதை அக்குழந்தைகளின் மூளை காட்டிற்று.

இனி வலிப்புக்கு வருவோம். இடைவேளையில் பள்ளி முற்றத்தில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் பாடுகிறான், ஒருவன் சண்டையிடுகிறான், ஒருத்தி தோழியிடம் இரகசியம் சொல்கிறாள். தொலைவிலிருந்து கேட்டால் ஒரே இரைச்சல். ஆனால் அவ்விரைச்சலில் ஆயிரம் வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அதே ஆயிரம் பிள்ளைகளும் ஒரே சொல்லை ஒரே கணத்தில் உரத்துக் கூவினால், ஓசை பன்மடங்கு பெரிதாகும். ஆனால் உரையாடல் அற்றுப்போகும். ஆரோக்கியமான மூளை முதல் வகை முற்றம். வலிப்பில் அகப்பட்ட மூளை இரண்டாம் வகை. ஆகவே வலிப்பு என்பது மூளை வேலை செய்யாமல் நின்றுபோவதன்று. அணுக்கள் அளவுக்கு மீறி, ஒருங்கே, ஒரே தாளத்தில் துடிப்பதாகும். இதனை 1873-ஆம் ஆண்டிலேயே, மின்னலைகளைப் பதியும் கருவி ஏதும் இல்லாத காலத்தில், இலண்டன் மருத்துவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் உய்த்துணர்ந்து சொன்னார்.

எதைக்கொண்டு உய்த்துணர்ந்தார்? கண்டவர் சாட்சியைக்கொண்டுதான். அவருடைய மனைவியே வலிப்பால் துன்புற்றவர். பல நோயாளிகளின் வலிப்பு ஒரு கையின் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என ஏறி, முகத்துக்கோ காலுக்கோ பரவுவதை அவர் கவனித்தார். சிலருக்கு வாயின் ஓரத்திலும், வேறு சிலருக்குக் காற்பெருவிரலிலும் அது தொடங்கியது. அந்த நடையில் ஓர் ஒழுங்கு இருந்தது. உடலின் உறுப்புகள் மூளையின் புறணியில் வரிசையாக இடம்பெற்றிருத்தல் வேண்டும். தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவுவதுபோல மின்பாய்வு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பரவுதல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1870-இல் ஜெர்மனியில் பிரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் மூளைப் புறணியை மின்சாரத்தால் தொட்டு அதன் கால்களை அசையச் செய்து, புறணியில் அத்தகைய இடங்கள் உண்டு என்று மெய்ப்பித்தனர். விரல்களிலும் வாயோரத்திலும் ஏன் தொடங்கவேண்டும்? நுட்பமான அசைவுகளுக்கு உரிய உறுப்புகளுக்கு மூளையில் ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பு பெரிது. பெரிய நிலத்தில் பொறி விழும் வாய்ப்பும் பெரிதுதானே!

இந்த வரைபடத்தை மனிதரிடத்தில் விரிவாக வரைந்தவர் கனடா நாட்டு மாண்ட்ரியாலில் பணியாற்றிய வில்டர் பென்பீல்டு. மூளைக்குத் தன்னளவில் வலியுணர்ச்சி இல்லை. ஆதலால் நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து, மெல்லிய மின்முனையால் புறணியைத் தொட்டு, எங்கே தொட்டால் எது அசைகிறது, என்ன உணர்கிறார் என்று கேட்டறிந்து, வலிப்பின் தோற்றுவாயை மட்டும் அகற்றினார். அவரிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி என்பவரே 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். நம் மாநிலத்துக்கு இத்துறையில் உள்ள பெருமை சிறிதன்று.

சுருங்கச் சொன்னால், வலிப்பின் முதல் ஐந்து நொடிகள் மூளையின் எந்த இடத்தில் பொறி விழுந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. தலை இடப்புறம் திரும்பியதா வலப்புறமா, எந்தக் கை முதலில் உதறியது, கண்கள் எப்பக்கம் சென்றன என்பன அற்பச் செய்திகள் அல்ல. இடக் கை என்றால் வலப்பக்க மூளை. சிலருக்கு வலிப்பு உதறலாகவே தொடங்குவதில்லை. வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்புவது போன்ற உணர்ச்சி, இல்லாத ஒரு நாற்றம், முன்பே கண்ட காட்சியை மீண்டும் காண்பது போன்ற மயக்கம் ஆகியவை தோன்றும், பிறகு அவர் உதடுகளைச் சப்புவார், உடையை நெருடுவார், அழைத்தால் விடை இராது. இது நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப்பகுதியில் தோன்றும் வலிப்பு. ஊரார் இதற்குச் சொல்லும் காரணங்களை நான் இங்கே அடுக்க விரும்பவில்லை.

பொறி ஓரிடத்தில் விழுந்தால் அது ஏன் எப்போதும் பரவுவதில்லை? துடிக்கும் அணுக் கூட்டத்தைச் சுற்றிக் காபா சுரக்கும் அணுக்கள் ஒரு வேலி கட்டுகின்றன. வேலி தாங்கும் வரையில் கையில் ஓர் உதறலோடு நின்றுவிடும். ஓயாத துடிப்பால் அணுக்களுக்கு வெளியே பொட்டாசியம் தேங்கி, அண்டை அணுக்களும் எளிதில் துடிக்கும் நிலைக்கு வந்து, தடுப்பணுக்களும் சோர்ந்தபோது வேலி உடைகிறது. பின்னர் இரு அரைமூளைகளையும் இணைக்கும் பாலத்தின் வழியே மறுபக்கமும் தீப்பற்றுகிறது. நினைவு தவறுவது அப்போதுதான்.

அந்நிலையில் காண்பவை யாவற்றுக்கும் காரணம் சொல்லலாம். முதலில் உடலின் தசைகள் எல்லாம் ஒருசேர இறுகுகின்றன. மார்பும் வயிறும் இறுகும்போது நெஞ்சிலுள்ள காற்று, சுருங்கிய குரல்வளை வழியே பிதுங்கி ஒரு கூக்குரலாக வெளிப்படுகிறது. கேட்பவர் நடுங்கிவிடுவர், ஆனால் அது வேதனைக் குரலன்று. தாடை இறுகுவதால் நாக்குக் கடிபடுகிறது. மூச்சுத் தசைகளும் இறுகியிருப்பதால் உதடு நீலம் பாய்கிறது. பத்து முதல் இருபது நொடிகள் இந்த இறுக்கம். பிறகு காபா மெல்ல மெல்லத் தலையெடுக்கிறது. தடுப்பு வெல்லும் கணத்தில் தசை தளர்கிறது; தூண்டல் வெல்லும் கணத்தில் இறுகுகிறது. இவ்விரண்டின் போராட்டமே நாம் காணும் வெட்டி வெட்டி இழுத்தல். தடுப்பின் கணங்கள் நீள நீள, இழுப்புகளின் இடைவெளியும் நீண்டு, கடைசியில் வலிப்பு ஓய்கிறது. அப்பால் நோயாளி ஆழ்ந்து உறங்குவார். விழித்தபின்னும் சற்று நேரம் தடுமாறுவார். சில வேளை வலித்த கை மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். இதனைப் பக்கவாதம் என்று எண்ணிவிடக்கூடும். முன்னர் அந்தக் கை உதறியதைக் கண்டவர் ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் மருத்துவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழி பிறக்கும்.

இரும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒருவர் வலிப்புற்று விழுந்தால் சாவிக்கொத்து எங்கே, இரும்பு எங்கே என்று நாலு பக்கமும் ஓடுவது நம் வழக்கம். வலிப்பு இரண்டு மூன்று நிமிடங்களில் தானே நிற்பது. கூட்டம் கூடி, சாவியைத் தேடி, கையைப் பிரித்து அதனைத் திணிப்பதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுகிறது. பெருமை சாவிக்குப் போய்ச் சேர்கிறது. இந்தச் சாவியால் கெடுதி இல்லையே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாவியைத் தேடும் ஐந்தாறு பேருள் ஒருவரேனும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பதில்லை. வலிப்பு ஓயும் தருவாயில் வாயில் ஊறும் நீரும் நுரையும், மல்லாந்து கிடந்தால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். ஆகவே பக்கவாட்டிற் கிடத்தி, கழுத்துப் பித்தானைத் தளர்த்தி, தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தல் வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடித்தல் கூடாது. பற்களுக்கிடையே கரண்டியையோ துணியையோ நுழைத்தல் கூடாது. பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழலில் விழும். முற்றிலும் தெளியும் வரையில் தண்ணீர் புகட்டுதலும் கூடாது.

கடிகாரத்தை ஏன் வற்புறுத்துகிறேன் எனில், ஐந்து நிமிடம் என்பது ஓர் எல்லைக்கோடு. அதற்குமேலும் வலிப்பு நீடித்தால் அது தானே நிற்கும் என்று காத்திருத்தல் தகாது. செவிலிய மாணவியர் இதன் உட்காரணத்தையும் அறிந்திருத்தல் நலம். வலிப்பு நீள நீள, காபாவை ஏற்கும் வாயில்களை நரம்பணு தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. லோரசிபாம், மிடசோலம் முதலிய மருந்துகள் இவ்வாயில்களின் வழியாகவே வேலை செய்பவை. ஐந்தாம் நிமிடத்தில் ஊசியிட்டால் நிற்கும் வலிப்பு, அரைமணி கழித்து அதே அளவு மருந்துக்கு அடங்காமற்போவது இதனால்தான். வலிப்பு எப்போது தொடங்கிற்று என்று சொல்ல வல்லவர் ஒருவர் அருகில் இருந்தாரா என்பதைப் பொறுத்து உயிரே அமையக்கூடும். வெளியிடத்தில் ஆனால், ஐந்து நிமிடம் கடக்கும்போது 108-ஐ அழைத்தல் வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் வெயிலில் நின்று பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. விழுந்த பிள்ளையின் கை இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தலும் உண்டு. உடனே வலிப்பு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அவன் விழுமுன் முகம் வெளுத்ததா, வியர்த்ததா, கண் இருண்டது என்றானா, படுக்கவைத்த அரை நிமிடத்தில் தெளிந்து பேசினானா என்று கேளுங்கள். ஆம் எனில் பெரும்பாலும் அது மூளைக்கு இரத்தம் குறைந்ததால் வந்த மயக்கமே. அவனைத் தூக்கி நிறுத்தாமல் கிடக்கவிடுவதே மருந்து.

இதற்கு நேர்மாறாக, விழுவதும் இழுப்பதும் இல்லாத வலிப்பு ஒன்று உண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அவள் வகுப்பாசிரியர் ஓயாது குறை சொல்வார். பராக்குப் பார்க்கிறாள், கேட்ட கேள்விக்கு விழிக்கிறாள் என்பது குற்றச்சாட்டு. பெஞ்சின்மேல் நிற்கவைத்தும் பயனில்லை. அப்பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் அவளுடைய சொல்வதெழுதுதல் ஏட்டை என்னிடம் கொணர்ந்து காட்டினார். எழுத்து அழகாக இருந்தது, பிழைகளும் மிகுதியில்லை. ஆனால் பக்கத்துக்கு ஓரிடத்திலாவது மூன்று நான்கு சொற்கள் அடியோடு விடுபட்டிருந்தன. விடுபட்ட இடத்தில் எழுதுகோல் ஒரு சிறு கோடாக இழுபட்டு நின்றது. அதன்பின் அடுத்த சொல் தெளிவாகத் தொடங்கியது. கவனமின்றி எழுதும் பிள்ளையின் ஏடு அவ்வாறு இராது. அது எங்கும் தடுமாறும். அவ்வாசிரியர் அவள் முகத்தைக் கவனித்திருந்தார். கண் ஒரே இடத்தில் நிலைகுத்தும். இமை இலேசாகத் துடிக்கும். எட்டுப் பத்து நொடியில் ஒன்றுமே நடவாததுபோல் தொடர்வாள்.

பெற்றோரை அழைத்து அந்த ஏட்டையும் கொடுத்தனுப்பினோம். மருத்துவர் அவளை மூன்று நிமிடம் வேகமாக மூச்சிழுத்து விடச் சொன்னார்; அவர் கண்ணெதிரிலேயே அது வந்தது. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானியர் 1924-இல் முதன்முதலில் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்ட மூளை மின்னலை வரைவு இத்தகைய நோயைத் தெளிவாகக் காட்டும். நொடிக்கு மூன்றாக, கூர்முனையும் அலையும் மாறிமாறி எழும் என்பதை 1935-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் கண்டறிந்தனர். மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்னும் பகுதிக்கும் புறணிக்கும் இடையே உள்ள சுற்றுவழி உறக்கத்தில் ஒரு தாளத்தில் இயங்குவது. அது விழித்திருக்கும்போதே தடம் புரண்டு ஓடத் தொடங்குவதால் இந்த இடைவெளிகள் உண்டாகின்றன. ஒரு வகைக் கால்சிய வாயில் இதற்குப் பொறுப்பு. அதனை அடைக்கும் ஈத்தோசக்சிமைடு என்னும் மருந்து இங்கே நன்கு பயன்படும். ஆனால் வேறு வகை வலிப்புகளுக்கு நல்ல மருந்தாகிய கார்பமசிபைனை இப்பிள்ளைக்குக் கொடுத்தால் நோய் தணியாததோடு மிகவும் கூடும். பார்த்தவர் சரியாகச் சொல்லாவிட்டால் மருந்தே பகையாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அச்சிறுமி மேல்வகுப்பை எட்டுமுன் அந்நோய் அவளை விட்டு நீங்கிற்று. இவ்வகை பெரும்பாலும் இளமையிலேயே நீங்கிவிடும்.

காரணங்களை விரைந்து கூறிவிடுகிறேன். பலருக்குக் காரணம் தெரிவதேயில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் தீங்கற்றது; பின்னாளில் வலிப்பு நோயாக வளர்வது அரிது. இரத்தத்தில் சர்க்கரையோ, சோடியமோ, கால்சியமோ குறைந்தால் வலிப்பு வரும்; குறையைத் தீர்த்தால் போய்விடும். கருவுற்ற பெண்ணுக்கு இரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பு தனி வகை. அதற்கு மக்னீசியம் சல்பேட்டே முதல் மருந்து. தூண்டுதல் ஏதுமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறையேனும் வந்தால்தான் வலிப்பு நோய் என்று பொதுவாகப் பெயரிடுவர். ஒருமுறை விழுந்தவரை எல்லாம் நோயாளி என்பது தவறு.

நம் நாட்டுக்குரிய காரணம் ஒன்றை மட்டும் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் மனித மலத்தின் வழியே மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத கீரையோடும் கழுவாத கையோடும் வயிற்றுக்குள் செல்கின்றன. அங்கிருந்து இரத்தத்தில் ஏறி மூளையில் தங்கிச் சிறு நீர்ப்பைகளாக வளர்கின்றன. புழு உயிரோடிருக்கும் வரையில் உடலின் காவற்படையை ஏய்த்துப் பல ஆண்டுகள் சந்தடியின்றி இருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் காவற்படை விழித்தெழுந்து தாக்குகிறது. அந்த வீக்கத்தில் அண்டை நரம்பணுக்கள் எரிச்சலுற்று வலிப்பு வருகிறது. பன்றியிறைச்சியைத் தொட்டும் பாராத சைவருக்கும் இது வரும் என்பதைக் கவனியுங்கள். முன்னர் நம் நாட்டில் ஸ்கேன் படத்தில் இத்தகைய சிறு புள்ளி தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று கருதி நீண்டகாலம் அதற்கே மருந்து கொடுத்தனர். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வேலூர் மருத்துவர்கள் அப்புள்ளிகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை மடியும் புழுவே என்று நிறுவினர். தேவையற்ற காசநோய் மருந்திலிருந்து எத்தனையோ பேர் தப்பினர்.

மருந்துகளின் வரலாறு தற்செயல்கள் நிறைந்தது. 1912-இல் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்னும் ஜெர்மானிய இளம் மருத்துவர் நோயாளிகளுக்குத் தூக்க மருந்தாகப் பீனோபார்பிட்டாலைக் கொடுக்க, வலிப்பும் குறைந்ததைக் கண்டார். அது காபாவுக்குக் கை கொடுக்கும் மருந்து. 1938-இல் மெரிட், பட்னம் இருவரும் பூனைகளிடத்தில் ஆராய்ந்து பெனிட்டாயினை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். அது ஓயாது துடிக்கும் அணுவின் சோடிய வாயிலை அடைப்பது. உலகில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாகவும், முறையாக மருந்துண்டால் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழமுடியும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

அப்படியிருந்தும் நோயை மறைப்பது இன்னும் ஓயவில்லை. இதில் சட்டத்துக்கும் ஒரு காலத்தில் பங்கிருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பையும் திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்தது. 1999-இல் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் விட்டுவிட்டதை வீடுகள் இன்னும் விடவில்லை. பெண்ணுக்கு நோய் இருப்பதை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாமல் மணமுடிக்கின்றனர். புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்துவைப்பாள்? சில நாள் விட்டுவிடுகிறாள். மணநாளையொட்டி உறக்கமும் இல்லை. மருந்தில் பழகிய மூளைக்கு மருந்து திடீரென்று நின்றுபோவதும், உறக்கம் கெடுவதும் வலிப்பை வருந்தி அழைப்பது போன்றவை; தேர்வுக்காக இரவெல்லாம் விழிக்கும் மாணவர்களும் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும். அவள் கருவுற்றால் இன்னும் ஒரு கேடு. வால்புரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊறுபடுத்தக்கூடியது. ஆகவே கருவுறுவதற்கு முன்பே வேறு மருந்துக்கு மாறுவதும், போலிக் அமில மாத்திரையைத் தொடங்குவதும் வேண்டும். குழந்தையின் தண்டுவடம் உருவாகி மூடுவது கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள். தான் கருவுற்றதையே பல பெண்கள் அறியாத காலம் அது. கணவனிடமும் மாமியாரிடமும் நோயை மறைத்தவள் மருத்துவரிடம் முன்கூட்டிப் போவதற்கு வழியில்லை. மகப்பேற்று விடுதியில் முதன்முதலாக அவளைத் தனியே வைத்து, உனக்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா அம்மா என்று கேட்கக்கூடியவர் அங்குள்ள செவிலியே.